விரிசலில் செருகிய சீப்பு

ஜூன் 15, ஞாயிறு

வட்டவளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ஊசிக்கல் தோட்டம். பாதி வழியில் ஆட்டோக்காரன், "இதுக்கு மேல ஏறாதுங்க, சேறு" என்று இறக்கிவிட்டான். நான் பிறந்ததிலிருந்து இந்தப் பாதை இப்படித்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ஞாயிறு என்பதால் அக்காவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை இல்லை. தலை குளித்து, இஸ்தோப்புத் திண்ணையில் வெயில் வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலாவது. மாமா உள்ளே ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டினால்தான் அது பாடுமாம்.

பின் சுவரில் உள்ள விரிசல் வளர்ந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது நகம்தான் நுழைந்தது. இன்று அக்கா அதில் சீப்பைச் செருகி வைத்திருக்கிறாள். கண்ணாடிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில்.

"என்னக்கா இது?"

"தோதா இருக்குடி. தல வாரிட்டு வைக்க ஒரு எடம் வேணும்ல."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகத் திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். போன வருடம் மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள மேடு நிற்காது, எல்லோரும் வேறு இடம் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போவது? நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்தான் என்கிறது தோட்ட நிர்வாகம். குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் நாங்கள் கை வைக்க முடியாது என்கிறார்கள் அரசாங்கத்தில். நடுவில் பன்னிரண்டு காம்பரா வீடுகளும் அப்படியே இருக்கின்றன, சீப்பும் கண்ணாடியுமாக.

ஜூன் 24

பைஸர் நானா காலையிலேயே கூப்பிட்டார். எங்கள் உரிமை அமைப்பின் அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு, வயதிலும் எங்களுக்கு அண்ணன். ஹட்டன் டவுனில் அவருடைய தம்பியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு மேசை, ஒரு பிரின்டர், ஒழுகுகிற மூலைக்கு ஒரு வாளி. இங்கிருந்துதான் ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு அறிக்கை எழுதுகிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நானே பல நாள் சிரித்திருக்கிறேன்.

"வினோதா, அவங்க வாராங்க."

ஐ.நா.வின் வீட்டுரிமை நிபுணர். வருடக்கணக்காக எழுதினோம், கடைசியில் இலங்கைக்கு வருகிறார். மலையகத்துக்கு ஒரே ஒரு நாள். அதில் ஒரு தோட்டத்தை நாங்கள் சொல்லலாம். ஊசிக்கல் என்றேன். யோசிக்கவே இல்லை.

நானா கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா ஊடு இருக்கிற எடம்தானே?"

"அக்கா வீடுங்கிறதால சொல்லல நானா. பெரிய மழை ஒண்ணு வந்தா அந்த லயம் இருக்காது."

"அது எனக்குத் தெரியும். நாளைக்கு யாரும் கேட்டா பதில் சொல்லணுமே, அதுக்குத்தான் கேட்டேன்."

அந்த நிபுணர் தன் அறிக்கையில் 'அவசரம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அரசாங்கம் ஜெனீவாவில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு தோட்டத்துக்கு நிலம் கிடைத்தது அப்படித்தான். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. பெரிய மழைக்கு முன்னால்.

ஜூலை 6, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் லயத்துச் சனங்களைக் கூட்டி, நிபுணர் வருவதைப் பற்றிப் பேசினேன். ஒன்றும் செய்யாதீர்கள், இருக்கிறபடியே இருங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு நான் வாய் திறக்க முடியாது என்பதையும் சொன்னேன். கூட்டி வருகிற அமைப்பு நடுவில் புகுந்து பேசினால், சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தார்கள் என்றாகிவிடும். அது அவர்களுடைய விதி.

எல்லோரும் தலையாட்டினார்கள். லயத்தின் தலைவர் ஆண்டியப்பன் அண்ணன் மட்டும் கையைத் தூக்கினார்.

"மால மட்டும் போடலாமா?"

"வேணாம்ணே."

"அப்ப தப்பு மேளம்? ரெண்டே பேரு, சும்மா மொறைக்கு."

"வேணாம்ணே."

சொந்த மகள் கல்யாணத்துக்கு வராதே என்று சொன்னதுபோல முகம் சுருங்கிப் போனார் மனிதர். அக்கா பின்வரிசையில் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 17

மழை. வேலை ஓடவில்லை. அந்த ஒரு வரியை நானே ஆங்கிலத்தில் மனதுக்குள் எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

எங்கே தொடங்குவது.

அவர்கள் வண்டியில்தான் நானும் போனேன். நிபுணர் அம்மா நரைத்த தலை, மெதுவான பேச்சு. கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் பெண் நிலக்ஷி, சுறுசுறுப்பானவள். பாதை முழுக்கக் கல் போட்டு நிரவியிருந்தார்கள். கடைசி வளைவு திரும்பினோம். லயம் நீலமாக இருந்தது.

முழு லயமும். முன்சுவர் எல்லாம் வெளிர்நீலச் சுண்ணாம்பு, இன்னும் வாசனை போகவில்லை. வாசலுக்கு வாசல் கோலம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தப்பு முழங்குகிறது. பெண்கள் ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, விட்டுவிட்டுப் பட்டுச் சேலையில் நிற்கிறார்கள். கோயில் நாற்காலிகள், சிவப்பு பிளாஸ்டிக், துடைத்து வரிசையாக. ஆண்டியப்பன் அண்ணன் கையில் மாலை.

நிலக்ஷி என் காதில், "கல்யாண வீடு மாதிரி இருக்கே அக்கா" என்றாள்.

அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனோம். நிபுணர் அம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்தார். அக்கா நாற்காலியைச் சேலைத் தலைப்பால் இன்னொரு தடவை துடைத்து, "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றாள். நான் பின் சுவரைப் பார்த்தேன். சுவரே இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மெரூன் சேலை தொங்குகிறது. போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது, இன்னும் மடிப்பு கலையாதது. அதற்கு மேல் முருகன் கலண்டர். சீப்பைக் காணோம்.

பயமில்லாமல் இந்த வீட்டில் தூங்க முடிகிறதா என்று அந்த அம்மா கேட்டார். நிலக்ஷி நன்றாகத்தான் தமிழில் சொன்னாள்.

"சாமி புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கோம். டீ ஆறிப் போவுது, எடுத்துக்குங்க."

மழைக்காலத்தில்?

"மழைனா ஒழுகத்தான் செய்யும். எல்லா ஊட்லயும் ஒழுகும்தானே."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தேன். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டியிருந்தால் அந்தச் சேலை என் கைக்கு வந்திருக்கும். இழுத்திருக்கலாம். ஏன் இழுக்கவில்லை? விதியா? இல்லை. விருந்தாளி முன்னால் அக்காவின் சேலையை இழுப்பதுபோல இருந்தது எனக்கு. அதுதான் உண்மை.

மற்ற காம்பராக்களிலும் இதே கதை. நல்லா இருக்கோம், டீ குடிங்க, பிஸ்கட் எடுங்க. ஒரு வீட்டில் பால்மா டீக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கிய சீனி. எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

மாலையில் ஹட்டனில் எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். விரிசல் படங்களைக் காட்டினேன். அந்த அம்மா பொறுமையாகப் பார்த்தார். தான் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசியதாகவும், அந்தப் பெண் தன் வாயால் சொன்னதை மதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூலை 23

பொறுக்க முடியாமல் மறுபடி மலையேறினேன். அக்கா கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சுவரில் தொங்கிய சேலையைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. சீப்பு பழைய இடத்தில்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"நான் என்ன பிச்சக்காரியாடி? ஊட்டுக்கு வந்தவங்கள உக்கார வச்சு, செவுத்தக் காட்டி அழணுமா?"

"அழச் சொல்லலக்கா. உள்ளதச் சொல்லச் சொன்னேன்."

"அந்தம்மா சப்பாத்த வெளிய கழட்டிட்டு வந்துச்சு. பாத்தியா நீ? இந்த ஊட்டுக்குள்ள இதுவரைக்கும் எந்தத் தொரையும் சப்பாத்தக் கழட்டுனதில்ல. அப்பேர்ப்பட்ட மனுசிகிட்ட போயி எங்கொறையக் கொட்ட எனக்கு வாய் வரல." கூடையை இறக்கி வைத்தாள். "அதோட போட்டோ எடுக்குறாங்க. நாளைக்கு பிரியந்தியப் பொண்ணு பாக்க வர்றவன் இந்தச் செவுத்தப் பாத்தா என்ன நெனப்பான்?"

பிரியந்தி அக்காவின் ஒரே மகள். கட்டுநாயக்காவில் தையல் பாக்டரியில் இருக்கிறாள்.

"மண்ணு வந்து மூடுறப்போ ஒங்க மானம் வந்து தோண்டுமாக்கா?"

கேட்டுவிட்டேன். மாமா ரேடியோவை நிறுத்தினார். அக்கா அடுப்படிக்குப் போய், எனக்கு டீ ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன். பெரிய வீராப்பு.

ஜூலை 31

நாட்டை விட்டுப் போகும்போது நிபுணர் வெளியிட்ட அறிக்கை வந்துவிட்டது. உடனே நிலம் கொடுக்க வேண்டும் என்று மூன்று தோட்டங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். ஊசிக்கல் அதில் இல்லை. வேறொரு பத்தியில், பெயரில்லாமல், தான் பார்த்த ஒரு லயத்தில் குடியிருப்பாளர்கள் தம் வீடுகளை மிகுந்த கண்ணியத்தோடும் ஒழுங்கோடும் வைத்திருப்பதாக ஒரு வரி.

நான் கேட்ட ஒரு வரி.

நானா அதை வாசித்துவிட்டு, கீழே தெருவுக்குப் போய் எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 19

படங்களையும் விளக்கத்தையும் மறுபடி ஜெனீவாவுக்கு அனுப்பினேன். கிடைத்தது, அடுத்த வருடம் வரும் முழு அறிக்கைக்குக் கவனத்தில் எடுப்போம் என்று பதில். இங்கே ஓர் அரசாங்க அலுவலகத்துக்கும் ஏறினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: ஐ.நா. ஆட்களே நல்லா இருக்கு என்று எழுதிவிட்டார்களே மிஸ், பிறகு என்ன?

படியிறங்கி வந்து பஸ் நிலையத்தில் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் என்ன.

செப்டம்பர் 14

அக்காவோடு பேசிப் பல நாள். போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

அக்டோபர் 20, தீபாவளி

போனேன். வாசலில் நின்றேன். அக்கா, "உள்ள வாடி, எண்ண தேச்சிக்க" என்றாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

எனக்கு எண்ணெய் வைத்துவிட்டு, அந்த மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நல்லா இருக்காடி?" நல்லா இருந்தது. மாமா, "மவராணி" என்று கேலி செய்தார். பிரியந்தி லீவில் வந்திருந்தாள். முறுக்கு கொஞ்சம் கருகல். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சீப்பு இப்போது கண்ணாடிக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. விரிசல் அகன்றுவிட்டதால் அதில் செருகினால் விழுந்துவிடுகிறதாம். அதில் இப்போது டார்ச் லைட்டை வைக்கிறாள்.

"மழ வலுத்தா கோயில் மண்டபத்துக்குப் போயிருங்கக்கா. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"போறேன்டி. தாயே, போறேன்." தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நவம்பர் 27, வியாழன்

இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. புயலாம். டவுனில் கரண்ட் இல்லை. மத்தியானம் மாமாவின் போன் ஒரு தடவை கிடைத்தது. "எல்லாம் மண்டபத்துக்கு வந்துட்டோம் புள்ள. அக்காவும் இங்கதான் இருக்கா, நீ பயப்படாத." பின்னால் பிள்ளைகள் சத்தம், ஆண்டியப்பன் அண்ணன் யாரையோ அதட்டுகிற சத்தம்.

அப்பாடா. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

நவம்பர் 28

ஒருவர் போனும் வேலை செய்யவில்லை. பாதை உடைந்துவிட்டதாம். ரயில் இல்லை. எங்கெங்கோ மண் சரிந்துவிட்டது என்கிறார்கள். ஊர் ஊராகப் பெயர் சொல்கிறார்கள். ஊசிக்கல் பெயரை யாரும் சொல்லவில்லை. நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

நவம்பர் 30, ஞாயிறு

ஹட்டனிலிருந்து ரயில் பாதை வழியே நடந்து ரொசெல்ல தாண்டி வட்டவளை. நானாவும் கூட வந்தார், தன் முழங்கால் வலியோடு. "நீங்க போங்க நானா" என்றேன். "பேசாம நடம்மா" என்றார்.

கடைசி வளைவு. லயம் இல்லை. மேட்டிலிருந்து ஆறு வரை சிவப்பு மண். மண்ணுக்குள்ளிருந்து ஒரே ஒரு இடத்தில் வெளிர்நீலம் தெரிந்தது.

மண்டபம் நிற்கிறது. அக்கா அங்கே இருந்தாள். மாமா இல்லை.

வியாழன் சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதாம். பிள்ளைகள் பசியில் அழுதார்களாம். ஒரு கேத்தலும் தேயிலையும் எடுத்து வந்தால் டீயாவது ஊற்றலாம் என்று மாமாவும் ஆண்டியப்பன் அண்ணனும் லயத்துக்கு இறங்கிப் போனார்கள். சத்தம் கேட்டது என்கிறார்கள். லொறி கல் கொட்டுகிற மாதிரி.

அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்தா வந்த?" என்று கேட்டாள். நானாவைப் பார்த்து, "அவரு நின்னுகிட்டே இருக்காரு பாரு, ஒரு பாய எடுத்துப் போடு" என்றாள்.

டிசம்பர் 3

மாமாவை எடுத்தார்கள். ஆண்டியப்பன் அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை.

நான் முகம் பார்க்கப் போகவில்லை. பிரியந்தி போனாள். மண்ணு வந்து மூடுறப்போ என்று நான் சொன்னேனே. என் வாயால் சொன்னேனே. எந்தத் தண்ணி விட்டுக் கழுவுறது இந்த வாய?

டிசம்பர் 12

எல்லோரையும் தமிழ்ப் பாடசாலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சேலை கட்டி மறைத்து வீடு. ஒரே ஒரு நாற்காலி, ஆசிரியருடையது. மண்டபத்துக்கு எடுத்துப் போன பையில் இருந்த மாமாவின் சட்டையை அக்கா அதில் போட்டு வைத்திருக்கிறாள். யாரும் அதில் உட்காருவதில்லை.

இன்று என்னைக் கேட்டாள்: "அந்த வெள்ளக்காரம்மாவுக்கு இது தெரியுமாடி?"

"எழுதியிருக்கேன்க்கா."

"என்னா எழுதுன?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் சொன்னத எழுதுனியா? ஒரு கொறையும் இல்லனு சொன்னத?"

"இல்லக்கா."

"அதையும் எழுதியிருக்கணும்" என்றாள்.

டிசம்பர் 18

நிபுணர் அம்மாவிடமிருந்து பதில், அவரே எழுதியது. மிகவும் வருந்துகிறேன் என்கிறார். தன்னால் வர முடியவில்லை, கொழும்பிலிருந்து ஓர் அதிகாரியையும் நிலக்ஷியையும் அனுப்புகிறேன், அவர்கள் சொல்வதை மார்ச் மாதம் ஜெனீவா கூட்டத்தில் வைப்பேன் என்கிறார். திங்கட்கிழமை வருகிறார்கள்.

இந்தத் தடவை நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் போடவில்லை. என்ன சொல்ல எனக்கு வாய் இருக்கிறது?

டிசம்பர் 22, திங்கள்

காலையிலிருந்து பெண்கள் வகுப்பறையைக் கூட்டினார்கள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தார்கள். ஒருத்தி எங்கிருந்தோ ஒரு பாக்கெட் மாரி பிஸ்கட் கொண்டுவந்து தட்டில் அடுக்கினாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அக்கா மட்டும் எதையும் தொடவில்லை.

அவர்கள் வந்தார்கள். அந்த அதிகாரி ஓர் இளைஞர், வெளிநாட்டுக்காரர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் நிலக்ஷி. என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

அக்கா மாமாவின் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

அந்த இளைஞர் வணக்கம் சொல்லி ஏதோ ஆரம்பித்தார். அக்கா நிலக்ஷியைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு நீதானம்மா வந்த. பயமில்லாமத் தூங்குறீங்களான்னு கேட்ட. நான் பொய் சொல்லிட்டேன். அந்தச் சேலைக்குப் பின்னால செவுரு வெடிச்சிருந்துச்சு. அதுல நான் சீப்பு வச்சிருந்தேன். வந்தவங்ககிட்ட கொற சொல்லக் கூடாதுன்னு மறைச்சேன். எல்லாருந்தான் மறைச்சோம். இப்ப சொல்றேன். ஒன்னுவிடாம எழுதிக்க."

சொன்னாள். அதிகாரிகள் வந்து போனது, தோட்டமும் அரசாங்கமும் ஒருவரையொருவர் கை காட்டியது, டார்ச் லைட், மழை, பிள்ளைகள் அழுதது, கேத்தல். குரல் உயரவில்லை. நடுவில் நிலக்ஷியால் மொழிபெயர்க்க முடியவில்லை. அக்கா நிறுத்தி, அவள் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பெயர் போட வேண்டுமா, மறைக்கட்டுமா என்று அந்த இளைஞர் கேட்டார்.

"போடச் சொல்லு. பேச்சியம்மா. முத்துலிங்கம் சம்சாரம். ஊசிக்கல் தோட்டம்."

முடியும்வரை அவர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அக்கா அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டு மேசையில் அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு அக்கா எழுந்தாள். நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மாமாவின் சட்டையை மறுபடி அதன் மேல் போட்டாள்.